பெட்டி அவளுடையது, கேசட் என்னுடையது

எப்சிபா ஓய்வு பெற்ற அன்று தோட்டத்தில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். அதில் வாசிக்க அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி யூனியன்காரர்கள் என்னிடம் வந்தார்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அதனால் அவளை எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். தெரியும்தான். "நாற்பது ஆண்டு உழைத்தார், நன்றி" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அதற்கு மேல் எழுதியிருந்தால் சபையில் வாசிக்கிற மாதிரி இருந்திருக்காது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் மரியஜோசப். சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில், பச்சைக் காயை உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புப் பார்க்கிறவன். எப்சிபா அதே ஸ்டோரின் முன்கட்டில் உட்கார்ந்து உலர்ந்த காயைப் பொறுக்கித் தரம் பிரிக்கிறவள். வெடித்த காய், வெளுத்த காய், பொடிக் காய் என்று அவள் விரல்கள் தனித்தனியாகத் தள்ளும். பார்த்துக்கொண்டே இருந்தாலும் எந்த விரல் எதைத் தள்ளியது என்று சொல்ல முடியாது. அந்த விரல்களைத்தான் நான் இவ்வளவு வருஷமும் சபித்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு யாரோடும் ஒத்துப்போகாது. சூப்பர்வைசர் மாறும் ஒவ்வொரு முறையும் முதல் வாரமே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். குழாயடியில் அவள் குடத்தை நகர்த்தி வைத்தவர்கள் யாரும் இரண்டாம் முறை அதைச் செய்ததில்லை. கோயிலில் பாட்டு இழுவையாகப் போகிறது என்று உபதேசியாரையே ஆராதனை நடுவில் நிறுத்தியவள். பொய் சொல்ல மாட்டாள் என்று அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். பொய் சொன்னால் எதிராளிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்துவிடும், அதனால்தான் சொல்ல மாட்டாள் என்பது என் கட்சி.

எங்கள் பகைக்குக் காரணம் ஒரு டிவி கேம். இரண்டாயிரத்து மூன்றில் அவர்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் அது ஏலத்துக்கு வந்தது. பூசணிக்காய், சேவல், வாழைத்தார் எல்லாம் ஏலம் போன பிறகு, வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ காணிக்கையாக வைத்திருந்த அந்தப் பெட்டியைக் கடைசியாகத் தூக்கிக் காட்டினார்கள். சாம்பல் நிறப் பெட்டி, வயரோடு இரண்டு கைப்பிடி, மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். எப்சிபாவின் புருஷன் வேதமுத்து அண்ணனும் நானும் அப்போது உயிருக்குயிரான சிநேகிதம். நான் கத்தோலிக்கன், அவர் புராட்டஸ்டண்ட். ஆனாலும் அவர் சபை ஏலத்துக்கு நான் போவேன், எங்கள் திருநாளுக்கு அவர் வருவார். இரண்டு பேரும் சேர்ந்து ஏலம் எடுத்தோம். டிவி அவர் வீட்டில் இருந்ததால் பெட்டியும் அங்கே இருந்தது.

கேசட்டில் இருந்த ஆட்டங்களில் எங்களுக்குப் பிடித்தது கால்பந்துதான். பக்கத்துக்கு ஆறு பொம்மைகள், ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை. பந்து என்பது நாலு புள்ளி. ஒரு பட்டனை அமுக்கினால் தட்டிக்கொடுக்கும், இன்னொன்றை அமுக்கினால் கோலுக்கு அடிக்கும். அவ்வளவுதான். இரண்டு வருஷம் வேதமுத்து அண்ணனும் நானும் ஆடினோம். நான்தான் அதிகம் ஜெயித்தேன். எப்சிபா மூலையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். ஆட்டத்தைப் பார்க்கிறாள் என்றே நான் நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தபோது அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் புருஷன் கையிலிருந்து கைப்பிடியை வாங்கினாள். நான் சிரித்தேன். "அடுப்படியில வேலை இல்லையா மதினி" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது. ஏழுக்குப் பூஜ்யம். என் கோலுக்குள் ஏழு முறை பந்து போயிற்று. ஏழாவது கோலின் பாட்டு முடிவதற்குள் அவள் எல்லாரும் கேட்க, "இப்ப அடுப்படிக்குப் போயிட்டு வாரேன், கொழுந்தனாருக்குக் கண்ணைத் துடைக்கத் துண்டு எடுத்துட்டு வரணும்ல" என்றாள். வேதமுத்து அண்ணன்கூடச் சிரித்தார். நான் எழுந்துபோய் கேசட்டைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றோடு பேச்சு நின்றது. பெட்டி அவள் வீட்டில், கேசட் என் வீட்டில். கேசட் இல்லாமல் பெட்டி வெறும் பிளாஸ்டிக். பெட்டி இல்லாமல் கேசட்டை வைத்து நான் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். ஒரு மாதம் வீம்பாக இருந்தேன். ஐந்தாவது ஞாயிறு என்னால் முடியவில்லை. அந்த ஏழு கோலையும் திருப்பிக் கொடுக்காமல் எனக்குத் தூக்கம் வராது என்று தெரிந்துபோயிற்று. பூசை முடிந்து சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குக் கேசட்டோடு அவள் வாசலில் போய் நின்றேன். அவள் டிவியைப் போட்டாள்.

அதிலிருந்து பத்தொன்பது வருஷம் ஒரு ஞாயிறுகூட விடவில்லை. நான் கேசட்டைக் கொண்டுபோவேன், ஆடுவோம், கேசட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். நேராக ஒரு வார்த்தை கிடையாது, எல்லாம் சாடைதான். அவள் டிவியைப் பார்த்து, "சில ஆளுகளுக்குக் கை இருக்கு, விரல் இல்ல" என்பாள். நான் சுவரில் தொங்கும் காலண்டரிடம், ஜெயித்த வாய் நிறையப் பேசுகிறது என்று சொல்வேன். என் மனைவி இருதயம்மாள் சில நாள் வந்து கதவோரம் நின்று பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஒருமுறை மாலை ஐந்து மணிக்கு லயத்துக்குக் கீழே ஆனை வந்துவிட்டது. எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே கோயிலுக்கு ஓடினார்கள். ஆட்டத்தில் இன்னும் இரண்டு நிமிஷம் பாக்கி, இரண்டுக்கு இரண்டு. அவள் எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்திருக்காதபோது நான் எழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சாகிறவரை அந்த டிவியிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆனை வாழையைப் பிடுங்கித் தின்கிற சத்தம் கேட்டுக்கொண்டே நான் கடைசி நிமிஷத்தில் கோல் வாங்கினேன். வனத்துறைக்காரர்கள் வந்து எங்கள் இரண்டு பேரையும் திட்டினார்கள். அதற்கும் அவள்தான் பதில் பேசினாள்.

அவள் மகன் ஜிதின் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். நல்ல பையன், தகப்பனைப் போல. நாலு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சிநேகிதனிடம் இரவல் வாங்கிய புது கேம் ஒன்றைக் கொண்டுவந்தான். ஆட்டக்காரன் முகத்தில் வியர்வை தெரிகிறது, புல் தனித்தனியாக அசைகிறது, ஒருத்தன் இங்கிலீஷில் விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறான். கைப்பிடியில் பட்டன் எண்ணி முடியாது. ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தோம். நான் தோற்றேன். ஆனால் எனக்கு வலிக்கவில்லை. ரெஃப்ரி சரியில்லை, என் ஆள் களைத்துவிட்டான், காற்று அந்தப் பக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆயிரம் காரணம் அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். எங்கள் பழைய ஆட்டத்தில் அதெல்லாம் கிடையாது. அந்தப் பொம்மைக்கு முகமில்லை, பெயரில்லை, களைப்பில்லை. தோற்றால் நீ தோற்றாய். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் அது தெரியும். எப்சிபா ஜெயித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இதில் ஜெயித்தது யாரென்றே தெரியவில்லை என்று மகனிடம் சொல்லி, வயரைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டாள். அந்த ஒரு விஷயத்தில் நான் அவள் பக்கம்.

வேதமுத்து அண்ணன் ஏழு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போனார். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். நான் அழுததை அவள் பார்த்தாள், அவள் அழாததை நான் பார்த்தேன். அடுத்த ஞாயிறு போகலாமா கூடாதா என்று வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். மூன்று மணி ஆனதும் சுவருக்கு அந்தப் பக்கம் டிவி போடுகிற சத்தம் கேட்டது. போனேன். அன்றைக்கு ஐந்துக்கு ஒன்று என்று என்னைப் போட்டு அடித்தாள். துக்க வீட்டுக்காரி என்று நான் ஒரு கோலையாவது விட்டுக்கொடுத்திருப்பேனோ என்று நீங்கள் நினைக்கலாம். விடவில்லை. விட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பாள்.

இந்த வருஷம் ஜூலையில் அவளுக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. ரிட்டயர் ஆனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதுதான் தோட்டத்துச் சட்டம். நாற்பது வருஷம் காய் பொறுக்கியவளுக்கு ஒரு சால்வையும் மாத முடிவுக்குள் சாவியை ஒப்படைக்கச் சொல்லி ஒரு காகிதமும் கொடுத்தார்கள். ஜிதின் திருப்பூருக்குக் கூட்டிப்போக வந்தான்.

அப்போதுதான் கேள்வி வந்தது. பெட்டியை அவள் கொண்டுபோனால் என் கேசட் செத்தது. கேசட்டை நான் கொடுக்காவிட்டால் அவள் பெட்டி செத்தது. இருதயம்மாள் இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் நின்று தூது போனாள். கடைசியில் முடிவானது இதுதான்: அவள் கிளம்புவதற்கு முதல் நாள், ஞாயிறு, கடைசி ஆட்டம். ஜெயித்தவருக்குப் பெட்டியும் கேசட்டும் இரண்டும். ஜிதின் நடுவில் புகுந்து, இந்த ஆட்டம் போனிலேயே சும்மா கிடைக்கிறது, நான் ஏற்றித் தருகிறேன் என்றான். அவன் அம்மா அவனைப் பார்த்த பார்வையில் போனை உள்ளே வைத்துவிட்டான்.

எனக்கு அது வேண்டும். மறைக்க ஒன்றுமில்லை. இவ்வளவு வருஷத்தில் நான் தோற்றதுதான் பெரும்பகுதி. கடைசியாக ஒருமுறை ஜெயித்து, அவள் வீட்டிலிருந்து அந்தப் பெட்டியை லயம் முழுக்கப் பார்க்க என் கையில் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அந்த ஏழு கோலுக்கு அதுதான் மருந்து.

ஆனால் அதற்கு முந்தின ஞாயிறு கேசட் மக்கர் செய்தது. மழைக்காலத்தில் இங்கே எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கும், செருப்பிலும் பிடிக்கும் ஜெபப் புத்தகத்திலும் பிடிக்கும். திரையில் சாம்பல் நிறம் மட்டும் வந்தது. எடுத்து ஊதினேன், திரும்பப் போட்டேன், மறுபடி ஊதினேன். அவள் டிவியிடம், "எச்சிலை ஊதி ஊதியே கேசட்டைக் குளிப்பாட்டியாச்சு" என்றாள். எட்டாவது முறைதான் படம் வந்தது. அதுவும் பாதியில் போய்விட்டது.

ஏலக்காட்டு ஸ்டோரில் வேலை செய்கிறவனுக்கு ஒரு புத்தி உண்டு. ஈரமானது எதுவாக இருந்தாலும் ஸ்டோருக்குள் வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புவான். நாங்கள் நனைந்த ஸ்வெட்டரை அங்கே வைப்போம், தீப்பெட்டியை வைப்போம், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தை வைப்போம். நான் என் ரேஷன் கார்டையே இரண்டு முறை காய்த் தட்டில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை காலை கேசட்டைச் சூட்டுக் குழாய்க்குப் பக்கத்துத் தட்டில் காயோடு காயாக வைத்தேன். அரை மணி நேரம் போதும் என்று நினைத்தேன். அதற்குள் கீழ்க்காட்டிலிருந்து பச்சைக் காய் மூட்டைகள் வந்து இறங்கின. மழையில் எடுத்த காய், உடனே தட்டில் பரப்பாவிட்டால் நிறம் போய்விடும். பரப்பி முடித்து நிமிர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. கேசட் தட்டின் வளைவுக்கு அப்படியே வளைந்து கிடந்தது. ஏலக்காய் மணம் மட்டும் ஜோராக அடித்தது.

முழங்காலில் வைத்து நிமிர்த்திப் பார்த்தேன், தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். இருதயம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். போடிக்குப் போய்ப் புதிதாக வாங்க நேரமில்லை. ஞாயிறு மூன்று மணிக்கு அதையே எடுத்துக்கொண்டு போனேன். வேறு என்ன செய்வது?

வீடு காலியாக இருந்தது. சாமான்களைக் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். டிவியும் பெட்டியும் மட்டும் தரையில் இருந்தன. நான் கேசட்டை நீட்டினேன். அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெட்டியில் வைத்து அழுத்தினாள், போகவில்லை. மோந்து பார்த்தாள்.

"தோத்துருவோம்னு பயந்து அவிச்சுட்டாரு" என்று ஜிதினிடம் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, காய வைத்தேன் என்று சொன்னால் மடையன் ஆவேன். பேசாமல் இருந்தால் கோழை ஆவேன். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று நான் நின்றுகொண்டிருந்தபோது அவள் எழுந்துபோய், வாசலில் கட்டி வைத்திருந்த டிரங்குப் பெட்டியைப் பிரித்தாள். சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அதே மஞ்சள், அதே படம்.

"இது ஏது?" என்று கேட்டேன். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

"போடியில வாங்குனது. ஆறு வருசம் ஆச்சு."

"ஆறு வருசமா? அப்ப எதுக்கு வாராவாரம் என்னைய வீட்டுக்குள்ள விட்ட?"

"தனியா ஆடி யாரைத் தோக்கடிக்க? மெசினுக்கு வயித்தெரிச்சல் வருமா?" என்றாள். "உக்காரும்."

உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஓர் ஆட்டம் ஆடியதில்லை. முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கினேன். இரண்டாம் பாதியில் இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு பட்டன்கூடத் தப்பவில்லை. கடைசி அரை நிமிஷத்தில் என் சிவப்புப் பொம்மை அவள் ஆட்கள் மூன்று பேரைத் தாண்டி ஓடியது. அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த இடத்தில் ஒரு நினைப்பு வந்தது: ஜெயித்தால் பெட்டி எனக்கு, கேசட் எனக்கு, அப்புறம் அடுத்த ஞாயிறு நான் யாரோடு ஆடுவேன்? ஆனாலும் அடித்தேன். அவளிடம் விட்டுக்கொடுத்துத் தோற்கும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

மூன்றுக்கு இரண்டு. பாட்டு அடித்தது. ஜிதின் கைதட்டினான். நான் எழுந்து பெட்டியின் மேல் கை வைத்தேன்.

"கையை எடும்" என்றாள் எப்சிபா. "பந்தயம் என்ன? இந்தப் பெட்டியும் உம்ம கேசட்டும். இது என் கேசட்டு. உம்ம கேசட்டுல ஜெயிச்சாத்தான் ஜெயிப்பு. இது செல்லாது."

நான் கத்தினேன். லயமே கூடிவிட்டது. தோற்றதும் சட்டம் பேசுகிறாள், ஊரை ஏமாற்றுகிறாள், கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றெல்லாம் சொன்னேன். அவள் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். நியாயம் வேண்டுமென்றால் உருகாத கேசட்டோடு வரச் சொல்லி என் மனைவியிடம் சொன்னாள். இருதயம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஜீப்பில் சாமான் ஏறியது. எப்சிபா முன் சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போய்வருகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை. நானும் வழியனுப்பவில்லை, ஸ்டோர் வாசலில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அவள் கதவில் தோட்டத்துப் பூட்டுத் தொங்கியது. சுவரில் காதை வைத்தேன், ஒரு சத்தமும் இல்லை. அவள் இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமில்லை, ஆனால் அவளிடம் சொல்லவே மாட்டேன். சொன்னால் அதையும் டிவியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

செவ்வாய்க்கிழமை லீவ் போட்டுப் போடிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் அதே மாதிரி கேசட் இருந்தது. வாங்கி, திருகாணியைக் கழற்றி, உள்ளே இருந்த தகட்டை எடுத்துவிட்டு, வளைந்துபோன என் கேசட்டின் தகட்டை அதற்குள் பொருத்தித் தரச் சொன்னேன். தகடு வளையவில்லை, ஓடு மட்டும்தான் உருகியிருந்தது. கடைக்காரர் தன் மெஷினில் போட்டுப் பார்த்தார், படம் வந்தது. புதுத் தகட்டிலும் இதே ஆட்டம்தானே, எதற்கு மாற்றுகிறீர்கள் என்று கேட்டார். இதுதான் என் கேசட், வேறெதில் ஜெயித்தாலும் செல்லாது என்றேன். அவர் திருகாணியை இறுக்கிக் கொடுத்தார்.

ஜிதின் போன் செய்தான். நான் திருப்பூருக்கு எந்த பஸ்ஸில் வருகிறேன் என்று அவன் அம்மா கேட்கச் சொன்னாளாம். நான் வருவதாக யாரிடமும் சொல்லவே இல்லை. எனக்குச் சேர வேண்டிய பெட்டியை எடுத்துவரத்தான் வருகிறேன், உட்கார்ந்து பேச வரவில்லை என்று சொல்லச் சொன்னேன்.

லீவ் காகிதத்தில் காரணம் என்ற இடத்தில் "சொத்துத் தகராறு" என்று எழுதிச் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். ஞாயிறு போய் ஞாயிறே திரும்பிவிடலாமே, எதற்கு மூன்று நாள் என்று கேட்டார். அந்தப் பொம்பளையிடம் ஒரே நாளில் எதுவும் தீராது சார் என்றேன்.